பத்து ரூபாய் லைட்டரும் தீப்பெட்டி ஆபீஸும்

கேள்வி (கடிதம் நீளம் என்பதால் சுருக்கியிருக்கிறேன்):

ஐயா, கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்து முக்கில் மளிகையும் பேன்சி சாமானும் கலந்த கடை வைத்திருக்கிறேன். என் அம்மா பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்கு (தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கட்டை அடுக்க, அதாவது மருந்தில் முக்குவதற்குக் குச்சிகளைக் கட்டையில் வரிசையாக அடுக்கப் போனவர், ஐம்பது தாண்டியும் அதே வேலைதான் பார்த்தார். அந்தக் காசில்தான் நான் பன்னிரண்டாவது வரை படித்தேன். இப்போது என் கடை மேஜை மேல் ஒரு ஜாடி நிறைய சைனா லைட்டர். சேல்ஸ்மேன் ஆறரை ரூபாய்க்குத் தருகிறார், பத்துக்கு விற்கிறேன். தீப்பெட்டி எனக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசாவுக்கு விழுகிறது, இரண்டு ரூபாய்க்கு விற்றால் அறுபது பைசா நிற்கும். என் கொழுந்தனார் வரும்போதெல்லாம், "வ.உ.சி. கப்பல் விட்ட மாவட்டத்துல இருந்துகிட்டு சைனாக்காரன் சரக்கை விக்கிறீங்களே மதினி" என்கிறார். அவர் கையில் இருக்கும் போன் எந்த ஊர் என்று நான் கேட்பதில்லை. லைட்டரை நிறுத்தினால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போவார், விற்றால் மனசு உறுத்துகிறது. வீட்டிலும் மகளுக்கு வாங்கும் பொம்மை முதல் செருப்பு வரை மலிவான வெளிநாட்டுச் சரக்குதான். நான் செய்வது தப்பா? கடையில் இன்னும் இரண்டு அட்டைப்பெட்டி லைட்டர் இருக்கிறது, அதை என்ன செய்ய?

பதில்:

சகோதரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஜாடியில் இருக்கும் அந்த லைட்டரை விற்பதை நிறுத்துங்கள். அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோமே என்று நிறுத்த வேண்டாம், கொழுந்தனாருக்குப் பயந்தும் நிறுத்த வேண்டாம். வேறு இரண்டு காரணம் இருக்கிறது, இரண்டும் என் தொழிலுக்கு நெருக்கமானவை. நான் ஆடிட்டர், நீதிநூல் எழுதுகிற ஆள் கிடையாது, அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் லைட்டரைத் தடை செய்யுங்கள், பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடித்துவிடுகிறது, இந்தத் தொழிலை நேரடியாக நம்பி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள் என்று அதில் இருந்தது. அந்த இருபது என்ற எண்ணை உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபது தீப்பெட்டி விற்றால் உங்களுக்கு 12 ரூபாய். ஒரு லைட்டர் விற்றால் மூன்றரை. ஒவ்வொரு லைட்டரும் உங்கள் கடையின் எட்டரை ரூபாயைத் தின்றுவிட்டுத்தான் வெளியே போகிறது. சரி, எல்லோரும் லைட்டரைக் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்துவதில்லை, பாதிப் பேர் ஒரே வாரத்தில் எங்காவது டீக்கடை பெஞ்சில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். இருபதெல்லாம் வேண்டாம், ஆறு பெட்டி விற்றாலே லைட்டரின் லாபம் வந்துவிடுகிறது. அதோடு தீப்பெட்டி வாங்க வருகிறவர் ஆறு தடவை கடை ஏறுவார், வரும்போது வெறும் தீப்பெட்டியோடு திரும்பமாட்டார், ஒரு சோப்போ நூறு கிராம் கடுகோ சேர்ந்து போகும். போட்ட முதலுக்கு எவ்வளவு என்று பார்த்தால் லைட்டரில்தான் விகிதம் கொஞ்சம் கூடுதல், அதை மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் குடும்பம் நடத்துவது மாதக் கடைசியில் கையில் நிற்கும் ரூபாயை வைத்து, விகிதத்தை வைத்து அல்ல.

இதில் வாங்குகிறவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இருபது பெட்டி வாங்கினால் அவருக்கு 40 ரூபாய், லைட்டர் 10 ரூபாய். 30 ரூபாய் மிச்சம் பிடிக்கும் கூலியாளிடம் போய் நாட்டுப்பற்று பேசினால் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார், சிரிக்கவும் வேண்டும். இறக்குமதிச் சரக்கைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் பாரத்தை இறக்கி வைப்பது வாங்குகிறவர்களிலேயே இல்லாதப்பட்டவர் தலையில்தான். அதைச் செய்யாதீர்கள். கேட்கிறவரிடம் "லைட்டர் இல்லை, தீப்பெட்டி இருக்கு" என்று சொல்வதோடு போதும், பிரசங்கம் வேண்டாம்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். 2023 ஜூன் கடைசியில் ஒன்றிய அரசு ஓர் உத்தரவு போட்டது: சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்து ஒன்றுக்கு 20 ரூபாய்க்குக் குறைவாக இருக்கும் சிகரெட் லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாது. துறைமுகத்துக்கு வந்து சேரும்போதே 20 ரூபாய்க்குக் குறையக் கூடாத பொருள் உங்கள் கடை வாசலுக்கு ஆறரை ரூபாய்க்கு எப்படி வருகிறது? வழி நான்குதான். தடைக்கு முன்னால் வந்த பழைய சரக்காக இருக்கலாம், இத்தனை காலம் கழித்து அது நம்பும்படி இல்லை. பாகங்களாக வரவழைத்து இங்கே கோத்ததாக இருக்கலாம். தடை வந்ததும் நிறையப் பேர் அந்தச் சந்தில்தான் புகுந்தார்கள், அதனால் 2024 அக்டோபரில் பாகங்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. முழுக்க இங்கேயே செய்ததாகவும் இருக்கலாம். இல்லையென்றால் கடத்தல் சரக்கு.

எது என்று கண்டுபிடிக்க நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, மாதம், வருடம், எம்.ஆர்.பி. இவ்வளவும் பாக்கெட் பொருளில் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு எடையளவுச் சட்ட விதி. லைட்டரின் உடம்பில் இடம் இல்லாவிட்டாலும் அது வந்த பெட்டியிலாவது இருக்க வேண்டும். வெறும் படமும் புரியாத எழுத்தும்தான் இருக்கிறது, சேல்ஸ்மேனிடம் பில் கேட்டால் "அதெல்லாம் எதுக்குக்கா, வேணும்னா அஞ்சு பீஸ் சேத்துத் தர்றேன்" என்கிறார் என்றால் விஷயம் முடிந்தது. நாளைக்கு ஒரு அதிகாரி கடை ஏறினால் பறிமுதல், அபராதம், அலைச்சல் எல்லாம் உங்களுக்குத்தான், அந்த சேல்ஸ்மேனின் போன் அன்றிலிருந்து சுவிட்ச் ஆப். பில் இல்லாத சரக்கில் கிடைக்கும் மூன்றரை ரூபாய்க்குள் அந்த ஆபத்தின் விலையும் அடங்கியிருக்கிறது, உங்களிடம் யாரும் அதைத் தனியாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி கேட்கிறேன். நாளைக்கே அதே சேல்ஸ்மேன் பில்லோடு, முகவரியோடு, முழுக்க இந்தியாவில் செய்த லைட்டரை அதே விலைக்குக் கொண்டுவந்தால் உங்கள் உறுத்தல் போய்விடுமா? அம்மா வேலை பார்த்த ஆபீஸுக்கு அந்த லைட்டரும் இருபது பெட்டி நட்டத்தைத்தான் கொடுக்கும், ஒரு பெட்டி குறையாது. அப்படியென்றால் உங்களை உறுத்துவது லைட்டரின் பாஸ்போர்ட் இல்லை. கையால் செய்யும் ஒரு தொழில் கண் முன்னால் சுருங்குவதுதான் உறுத்துகிறது, அதற்குச் சைனாக்காரனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. கேஸ் அடுப்புக்கு கிளிக் லைட்டர் வந்தது, கரண்ட் போனால் மெழுகுவத்தி தேடிய காலம் போய் செல்போனில் டார்ச் வந்தது. குச்சி அடுக்குவதிலிருந்து பெட்டியில் நிரப்புவது வரை மிஷின் செய்யும் ஆலைகள் உங்கள் பக்கத்திலேயே எழும்பின, கட்டை அடுக்கிய கைகள் பலவற்றை வீட்டுக்கு அனுப்பியவை நம் ஊர் மிஷின்களும்தான். பீடி, சிகரெட் பற்ற வைக்கிற ஆள்தான் தீப்பெட்டிக்கு மிச்சமிருந்த பெரிய வாடிக்கை, லைட்டர் கைவைத்தது சரியாக அந்த இடத்தில், அதனால்தான் அடி இவ்வளவு வலித்தது.

அப்புறம், நாட்டுச் சரக்கு என்றாலே கை சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி போகிற போக்கில் வந்துவிட்டுப் போகிறது: அம்மா பத்து வயதில் கட்டை அடுக்கப் போனார். அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்பே ஆபீஸ் வண்டி ஊர் ஊராக வந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் வயதானவர்களைக் கேட்டால் இதைப் பெருமையும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல் சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் பெட்டியின் மேல் எந்த நாட்டு முத்திரை இருந்தது? நம் முத்திரைதான். சுதேசி என்று நெஞ்சை நிமிர்த்தி வாங்கிய பெட்டிக்குள் பத்து வயதுக் குழந்தையின் விரல்தான் இருந்தது.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும், நாட்டுச் சரக்கின் பக்கம் நான் சாய்வதே இதனால்தான். 1986-இல் சட்டம் வந்தது, தீப்பெட்டி, வெடிமருந்து வேலைகளில் பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று. சட்டம் ஏட்டில் கிடந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் பிள்ளைகளின் நலநிதிக்குப் போக வேண்டும். பத்திரிகைகள் எழுதின, அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள், பள்ளிக்கூடத்தில் மதிய உணவு ஏற்கெனவே இருந்தது. எல்லாம் சேர்ந்து நிலைமையை மாற்றியது, நேற்று இன்று நடந்த மாற்றம் இல்லை, மெதுவாக, சண்டை போட்டுப் போட்டு. உங்கள் அம்மா பத்து வயதில் ஆபீஸுக்குப் போனார், நீங்கள் பன்னிரண்டாவது படித்தீர்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது அம்மாவின் உழைப்பு மட்டும் அல்ல, நம் கைக்கு எட்டுகிற ஒரு சட்டமும்தான்.

இந்தக் கைக்கு எட்டுவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கோவில்பட்டி ஆபீஸில் ஒரு பெண்ணுக்கு பி.எஃப். பிடிக்கவில்லை, கூலி குறைத்தார்கள், மருந்து அறையில் தீ பிடித்தது என்றால் கேட்க ஆள் உண்டு, தொழிலாளர் அலுவலகம் உண்டு, சங்கம் உண்டு, அடுத்த தேர்தலில் வோட்டு உண்டு. கேட்டவுடன் கிடைக்கும் என்று சொல்லவில்லை, கேட்க ஒரு கதவு இருக்கிறது. லைட்டர் செய்த தொழிற்சாலையில் இருக்கும் பெண் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறாள், என்ன கூலி என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் நாம் தட்டுவதற்கு அங்கே ஒரு கதவும் இல்லை. அவள் உழைப்பு மட்டம் என்றோ நம்மவர் உழைப்பு உசத்தி என்றோ இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே தரம், கிட்டத்தட்ட ஒரே விலை என்றால் அநியாயம் நடந்தால் தட்டிக் கேட்கக்கூடிய இடத்தில் செய்த பொருளை வாங்குவது நல்லது, இவ்வளவுதான் என் சுதேசி. விலை பாதிக்குப் பாதி வித்தியாசம் என்றால் அதை வீட்டுச் செலவுக்காரரின் மனசாட்சியில் ஏற்றக் கூடாது, அரசாங்கத்தின் மேஜையில் ஏற்ற வேண்டும்.

கொழுந்தனார் வ.உ.சி.யை இழுத்தாரே, அவருக்கும் ஒரு பதில். சுதேசிக் கப்பல் கம்பெனி 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கியது, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதியது, அவர்கள் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து கடைசியில் சும்மாவே ஏறுங்கள், ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். முடிவைச் சொல்லமாட்டார்கள். 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-க்குள் கம்பெனி மூடப்பட்டது, கப்பலில் ஒன்று எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. ஜனங்களுக்குப் பற்று குறைவாக இருந்ததாலா? பற்றுக்குக் குறைவில்லை, சட்டமும் போலீசும் துறைமுகமும் எதிராளி கையில் இருந்தன. பயணிகளின் நல்ல மனசு மட்டும் அதைத் தாங்கவில்லை.

தீப்பெட்டிக் கதை அப்படியே தலைகீழ். ஒரு காலத்தில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த தீப்பெட்டியைத்தான் நாம் உரசிக்கொண்டிருந்தோம். 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரியை ஒரே தூக்காகத் தூக்கினார்கள், வெள்ளைக்கார அரசு கஜானாவை நிரப்பச் செய்தது அது, நம் மேல் பாசத்தில் அல்ல. அதே சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். வரிச்சுவர் அந்தப் பக்கம் நின்றதால் இந்தப் பக்கம் குடிசைத் தொழில் மூச்சுவிட முடிந்தது. ஸ்வீடன்காரர்களும் சும்மா இருக்கவில்லை, 1923-இல் விம்கோ என்று இங்கேயே கம்பெனி திறந்து நாட்டுச் சரக்கு ஆகிவிட்டார்கள். லைட்டரைத் தடுத்ததும் பாகங்களாக வந்ததே, அந்த வித்தை அன்றைக்கே இருந்தது. ஒரு தொழிலைக் காப்பாற்றுவதோ கைவிடுவதோ பெரும்பாலும் துறைமுகத்தில் முடிவாகிறது, உங்கள் கடை மேஜையில் முடிவாவது ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை ஒழுங்காகச் செய்தால் போதும், மொத்தத்தையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு தூக்கம் கெடாதீர்கள்.

அந்தக் கொஞ்சத்தில் ஒன்று சொல்கிறேன். தீப்பெட்டி உங்களுக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசாவுக்கு விழுகிறது என்கிறீர்கள், கோவில்பட்டி பக்கத்தில் இருந்துகொண்டு அந்த விலை கொஞ்சம் அதிகம். பதினான்கு வருடம் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது நினைவிருக்கும். அப்போது 600 பெட்டி கொண்ட பண்டல் 270 முதல் 300 ரூபாய்க்குப் போகிறது, அதை 430 முதல் 480 வரை ஆக்குகிறோம், வரியும் வண்டிக் கூலியும் தனி என்று உற்பத்தியாளர்கள் சொன்னார்கள். 480 என்றே வைத்தாலும் ஆபீஸ் கையில் சேர்வது பெட்டிக்கு 80 பைசா, மீதி வரியிலும் லாரியிலும் நடுவில் நிற்கும் கைகளிலும் போகிறது. இன்றைய விலை ஏறியிருக்கும், இருந்தாலும் கணக்கின் போக்கு இதுதான். வடநாட்டுக்கு லாரியில் போகும் பெட்டிக்கு இத்தனை கை வேண்டும், பக்கத்து ஊரில் இருக்கும் உங்களுக்கு எதற்கு? நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து சின்ன ஆபீஸ் ஒன்றிலோ அதன் டீலரிடமோ நேராகப் பண்டல் கணக்கில் பில் போட்டு வாங்குங்கள். பத்து இருபது பைசா இறங்கினாலே லைட்டரின் ஆசை பாதி போய்விடும். வாங்கப் போகும்போது பெண்களுக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மாவைக் கூட்டிப் போனால் நீங்கள் கேட்கவே வேண்டாம், உள்ளே நுழைந்து ஐந்து நிமிடத்தில் அவரே சொல்லிவிடுவார்.

மகளின் பொம்மை, செருப்பு விஷயத்தில் அவ்வளவு குழப்பம் இல்லை. பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், உள்நாடோ வெளிநாடோ இரண்டுக்கும்தான். முத்திரை இல்லாத பொம்மையை, முக்கியமாக வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு, மலிவு என்று வாங்காதீர்கள், அதன் சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். செருப்பில் ஆறு மாதத்தில் பிய்ந்துபோகிற 150 ரூபாய் ஜோடியையும் இரண்டு வருடம் உழைக்கிற 400 ரூபாய் ஜோடியையும் கணக்குப் போட்டு வாங்குங்கள், இரண்டு வருடத்தில் மலிவு ஜோடிக்கு 600 ரூபாய் ஆகும். குழந்தையின் கால் வளர்கிற வயதென்றால் மலிவையே வாங்குங்கள், எந்த நாடு என்று பார்த்து வருத்தப்பட வேண்டாம். ஆன்லைனில் எந்த நாட்டுப் பொருள் என்று போட்டிருக்க வேண்டும் என்பது விதி, கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய மூலையில் போட்டிருப்பார்கள், போடாதவரிடம் வாங்காதீர்கள். போனை விட்டுவிடுங்கள், ஸ்ரீபெரும்புதூரில் பூட்டுகிற போனுக்குள்ளேயும் பத்து நாட்டுச் சாமான் இருக்கிறது, கொழுந்தனாரிடமும் அதைக் கிளற வேண்டாம்.

கடைசியாக அந்த இரண்டு அட்டைப்பெட்டி. சேல்ஸ்மேன் அடுத்த முறை வரும்போது பில் கேளுங்கள். பில் தந்து, பெட்டியில் முகவரியும் சரியாக இருந்தால் இருப்பதை விற்றுத் தீர்த்துவிட்டு புதிதாக எடுக்காதீர்கள். தரமாட்டேன் என்றால் சரக்கைத் திருப்பிக் கொடுத்து, அவருக்குத் தர வேண்டிய பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றால் நட்டமாக எழுதிவிட்டு ஓரமாக வையுங்கள், பக்கத்துக் கடைக்காரருக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் யோசனை மட்டும் வேண்டாம். ஓரம் என்றால் வெயில் படாத இடம், அடுப்பிலிருந்து தள்ளி, தீப்பெட்டிப் பண்டலுக்குப் பக்கத்தில் கண்டிப்பாக வேண்டாம். உள்ளே கேஸ் இருக்கிறது, அதனால் கடையைக் கூட்டிப் பெருக்கி அட்டை, காகிதத்தோடு சேர்த்துக் கொளுத்தும் பழக்கம் இருந்தால் அதில் தப்பித் தவறிக்கூட ஒன்றும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.